ஆறாம் கட்டத்துப் பருந்து

அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில், நுனிக்குச் சற்றுக் கீழே, குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. ஓடுகிற நூல் அறுத்து அறுத்து விழுந்த தழும்பு. கையடக்க விளையாட்டுக் கருவியை அவர் பிடிக்கும்போது அந்த விரல் அதன் பின்பக்கம் மடங்கி நிற்கும். இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் முன்னால் வேலை செய்யும். விளையாடுகிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள், கருவியோடு சேர்ந்து உடம்பைச் சாய்ப்பார்கள். அவரிடம் அதெல்லாம் கிடையாது. முகம் அசையாது. பதினான்கு வருடம் நூற்பாலையில் சைடராக இருந்தவர். நூற்கும் இயந்திரத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்து, எங்கே இழை அறுந்தாலும் அந்த நொடியே இணைத்துவிட்டு நகர்வது சைடரின் வேலை. நூல் சுற்றும் நூற்றுக்கணக்கான கதிர்களில் எது அறுந்திருக்கிறது என்று தேடுவதில்லை, அது தானாகக் கண்ணில் வந்து விழும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. காந்திபுரத்தில், எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. நிரல் எழுத நானும் மேட்டுப்பாளையத்து நண்பர் ஒருவரும், படம் வரைய ஒருவர், எல்லோருக்கும் மேலே எம்.டி. அவர் ஒரு நூற்பாலைக் குடும்பத்தின் இளைய மகன். ஆலையை மூடியபோது வேலை இழந்தவர்களில் சிலரைத் தன் புதிய தொழிலுக்கு அழைத்து வந்திருந்தார். அப்படித்தான் அந்தச் சைடர் பெண்மணியும் வந்தார். முதலில் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, தேநீர் போட்டுத் தருவதற்காக. ஒருநாள் மதியம் நண்பர் விளையாட்டாகக் கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது எங்களில் ஒருவரும் தாண்டாத கட்டத்தை அவர் தாண்டியிருந்தார். அடுத்த வாரமே அவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சிறிய அறை. எல்லோருக்கும் அவர் டெஸ்டர் அக்கா ஆனார். எனக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் நான், எங்கள் பக்கம் வயதில் சிறிய பெண்களை அழைப்பதுபோல, 'அம்மணி' என்றுதான் அழைத்தேன். அவர் என்னை 'சார்' என்றார்.

எங்களுக்கு வந்த வேலை இது: வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு, காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளில் ஒரு காலத்தில் ஓடிய சுடும் விளையாட்டு ஒன்றின் உரிமை இருந்தது. கீழே ஒரு தனிக் கப்பல், மேலிருந்து பருந்துகள் வட்டமிட்டு இறங்கும், அவ்வளவுதான் விளையாட்டு. வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சியில் கல்லூரி நாட்களில் அதுபோன்ற பெட்டிகளின் முன்னால் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். அதை, அப்போது புதிதாக வந்திருந்த வண்ணத் திரைக் கைக்கருவியில் மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். பழைய நிரல் அவர்களிடமே இல்லை. பழைய சர்க்யூட் போர்டு ஒன்றும், யாரோ விளையாடியதைப் பதிவு செய்த வீடியோ கேசட் ஒன்றும் மட்டும் அனுப்பினார்கள். கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு பருந்தும் திரும்புகிற வளைவை வரைபடத் தாளில் புள்ளி வைத்து வரைந்தேன். எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதிவைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். எத்தனை மணிக்கு எந்த அறைக்குப் போனேன், யாரிடம் என்ன பேசினேன் என்பதுவரை என் நாட்குறிப்பில் இருக்கும்.

என் வரைபடத்தில் இருந்த தவறை முதலில் கண்டவரும் அவர்தான். கேசட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "டேப்புல திரும்பறதுக்கு முன்னால பருந்து ஒரு நொடி தயங்குதுங்க சார். நம்முளுது தயங்காம திரும்பிப் போடுது" என்றார். அளந்து பார்த்தேன். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தயக்கம். இருந்தது. அன்றைய குறிப்பில் அவர் கண்ணைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஆகவே, பின்னால் நடந்ததற்கு அவர் கண்ணின் அருமை எனக்குத் தெரியாது என்று நான் காரணம் சொல்ல முடியாது.

வேலை முடிய மூன்று வாரம் இருக்கையில் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "ஆறாவது கட்டத்துல கடைசிப் பருந்து சாவ மாட்டீங்குதுங்க சார். குண்டு மேல பட்டாலும் அதும்பாட்டுக்குப் பறக்குது. கட்டம் முடியவே மாட்டீங்குது."

நான் அந்தக் கட்டத்தை அன்றே நாற்பது முறை விளையாடினேன். நாற்பது முறையும் பருந்து ஒழுங்காகச் செத்தது. நண்பரும் முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். பிறகு மறுபடி. ஒரு நோட்டைக் கொடுத்து, நடக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறிக்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பெரிய பெரிய எழுத்தில், 'பருந்து சாவல, 11.35' என்று எழுதுவார்.

"நடக்கறதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க அம்மணி?"

"வெளையாடிட்டு இருந்தனுங்க."

"வேற ஏதாச்சும்? ஏதாச்சும் பட்டனத் தப்பா அழுத்துனீங்களா?"

"ஒண்ணுஞ் செய்யலீங்க சார். சும்மாதான் இருந்தனுங்க."

ஒருநாள் காலை அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கவனம் சிதறக் கூடாதென்று, யாரும் உள்ளே வர வேண்டாம் என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். இரண்டரை மணி நேரம் அவர் ஆறாம் கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினார். ஒருமுறைகூட நடக்கவில்லை. நான் எழுந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இருக்கையில வர மாட்டீங்குதுங்க சார்" என்றார். வெளியே அதைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "ஏனுங்கக்கா, உங்களத் தனியாப் பாத்தா மட்டும் அது சாமியாயிப் போடுதாட்டங்க. சூடம் கொளுத்திப் பாருங்க, செத்தாலும் சாவும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. உதடு மட்டும்தான் சிரித்தது.

எம்.டி.க்கு விஷயம் போனது. வெள்ளிக்கிழமைக்குள் இறுதிப் பிரதியை அனுப்பியாக வேண்டும். "தம்பி, பிழை இருக்குதா இல்லியா? ஒண்ணு சொல்லுங்க. இருக்குதுன்னா நான் அவுங்களுக்கு ஒரு மாசம் தள்ளிக் கேக்கோணும். இல்லீன்னா அந்தப் புள்ள சொல்றத நம்பி நம்ம பொழப்பு ஓடாது" என்றார். நான் என் சோதனைகளை எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு முறை. ஒரு முறையும் இல்லை. அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'கூறப்பட்ட பிழை சோதனையில் உறுதிப்படவில்லை. விளையாடுபவரின் கவனப்பிழையாக இருக்கலாம்.' எண்ணிக்கை சரியானது. இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அறிக்கை முடிவில்லாமல் தொங்குகிறதே என்று சேர்த்தேன்.

எம்.டி. அதைப் படித்துவிட்டு, "கண்ணு போயிருச்சாட்டருக்குது. பாவம். வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிப் போடுங்க" என்றார். சொல்லும் பொறுப்பு எனக்கு.

புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. சோதனை அறைக் கதவைத் திறந்தேன். அவர் கட்டைவிரலால் ஏதோ அழுத்திவிட்டு, கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் திக்கவில்லை.

"நான் பொய் சொல்லலீங்க சார்" என்றார்.

"பொய்யின்னு யாருஞ் சொல்லலீங்க அம்மணி."

"கண்ணும் நல்லாத்தானுங்க இருக்குது." நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, "செரிங்க, வாரனுங்க" என்று சொல்லி, ஜன்னலோரம் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மேசையில் கருவியின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்தப்பட்ட விளையாட்டு. ஆறாம் கட்டம். கடைசிப் பருந்து வளைவின் உச்சியில், என் தயக்கப் புள்ளியில், உறைந்து நின்றது. விளையாட்டைத் தொடரும் பட்டனை அழுத்தினேன். பருந்து இறங்கியது. சுட்டேன். குண்டு அதன் வழியாகப் போனது. மறுபடி சுட்டேன். மறுபடியும் போனது. பருந்து மேலே ஏறி, சுற்றி, இறங்கி, மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

நிறுத்தி வைக்கும்போது எல்லாம் உறைய வேண்டும். நான் எழுதிய நிரலில் ஒரே ஒரு எண்ணிக்கை மட்டும், ஆறாம் கட்டத்துக் கடைசிப் பருந்து திரும்பும் அந்தத் தயக்கத்தை அளப்பது, உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டு நின்றிருக்கையில் அது தீர்ந்துவிட்டால் அந்தப் பருந்தின் ஆயுள் முடிந்ததாக நிரல் எண்ணிக்கொள்ளும். செத்ததை மறுபடி கொல்ல முடியாதல்லவா? நான் இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஆடியதில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. எனக்கு யாருக்காகவும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் நிறுத்தினார். நானோ எம்.டி.யோ உள்ளே வந்தால் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். நாங்கள் போன பிறகு உட்கார்ந்து தொடர்ந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது புதிதாக யாரும் வராததால் அவர் எழ வேண்டியிருக்கவில்லை.

அவருடைய நோட்டையும் என் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் ஒன்பது முறை குறித்திருந்தார். ஏழு, நான் சோதனை அறைக்குப் போய் வந்த நேரங்கள். இரண்டு, எம்.டி. அங்கே போனதாக என் குறிப்பில் இருந்தவை. ஒன்றுகூடத் தவறவில்லை. 'ஒண்ணுஞ் செய்யலீங்க' என்று அவர் சொன்னது அவரளவில் உண்மை. மேலே இருப்பவர் வந்தால் எழுவதை ஒரு செயலாக அவர் நினைத்ததே இல்லை. நானும் நினைத்ததில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த அவர் போன்றவர்கள், பத்து வயதுப் பையனான நான் களத்துக்குப் போனால்கூட எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் எழுதி வைத்த என் நாட்குறிப்பில், நான் உள்ளே போனபோது அவர் எழுந்து நின்றார் என்று ஓரிடத்திலும் இல்லை.

ஜன்னல் வழியே பேருந்து நிலையம் தெரியும். அவர் வீட்டுக்குப் போகிற இருகூர் டவுன் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. முதலில் பிழையை உறுதிசெய்துகொள்ளலாம், பிறகு கூப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். உறுதிசெய்து, ஒரு வரியைத் திருத்தி, மறுபடி சோதித்து முடித்தபோது ஆறு மணி. எம்.டி.யிடம், "ஒரு சின்னத் திருத்தம் இருந்துச்சுங்க, முடிச்சுட்டேன்" என்றேன். அவர் தலையசைத்தார். அன்றைய குறிப்பு: 'ஆறாம் கட்டத்துப் பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.' கண்டறிந்தவர் யார் என்று எழுதவில்லை. அதை எழுதினால் என் அறிக்கையின் இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

பதினொரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, இருகூருக்குப் போனேன். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். "உக்காருங்க அம்மணி" என்றேன். உட்காரவில்லை. பிழை இருந்தது, அது என் பிழை, அவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொன்னேன். நிறுத்தும் பட்டனைப் பற்றி விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமல்ல. ஒரு முடிச்சு அவிழ்ந்த நிம்மதி. "அதானுங்களா! நானும் மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தனுங்க. கண்ணாஸ்பத்திரிக்குக்கூடப் போயிட்டு வந்தனுங்க" என்றார்.

பிறகு கேட்டார். "ஆபீசுப் பெரியவருகிட்டச் சொல்லிப் போட்டீங்ளாங்க?"

"இன்னும் இல்லீங்க. நாளைக்குச் சொல்லிர்றேன்."

அவர் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். "அப்ப எனக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. அவ்வளவுதானுங்களே சார்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை காலை எம்.டி.யின் அறைக்குப் போனேன். அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகம் மலர உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி! வெளிநாட்டுல இருந்து ஃபேக்ஸ் வந்திருக்குது. முழுசா ஆடிப் பாத்தாங்களாமா. ஒரு பிழைகூட இல்லீன்னு எழுதியிருக்கறாங்க. எல்லாம் உங்க ஒழுங்கு" என்றார்.

நான், "சந்தோசங்க" என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்த வருடமே அம்மணியின் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றார்கள். எம்.டி. காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மூன்றாம் மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்தப் பழைய விளையாட்டைத் தேடிப் பிடித்து ஆடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆறாம் கட்டத்தின் நேர்த்தியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறார்கள். அதன் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில், சோதனை என்ற சொல்லுக்கு நேராக இருப்பது என் பெயர்.