ஐந்து வயர், ஆறு பின்

மரியபுஷ்பத்தின் கையில் கட்டர். அதன் வாய்க்குள் என் காரின் வயர். "வெட்டாதீங்க!" என்று நான் கத்தியதில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கரோல் பாக்கில் கார் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் சந்தில் அவர் கடை. இருபத்தாறு வருடம் முன் தூத்துக்குடியிலிருந்து வந்து, முதலில் சீட் கவர் தைத்தவர். சீட்டுக்கு அடியில் எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே வயரிங்குக்கு மாறிவிட்டார். டில்லிப் பையன்களுக்கு அவர் 'ஆன்ட்டி'. தையல்காரியின் சுத்தம் மட்டும் போகவில்லை. காரின் உடம்பில் புதிதாக ஓட்டை போட மாட்டார். கம்பெனி விட்ட ரப்பர் துளை வழியாகத்தான் எதையும் உள்ளே கொண்டுபோவார்.

அன்று போக வேண்டியது வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரின் வயர். சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையை மோந்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சாமான் அது. வேகத்துக்காக டியூன் செய்த கார்களுக்கு அது சொல்வதே வேதம். நான் வாங்கும்போதே யாரோ டியூன் செய்திருந்த பழைய கார் என்னுடையது. பினாங்கிலிருந்து வேலைக்காக வந்தவன். கார் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், சென்சார் பெட்டிக்குள் வந்த ஆங்கிலத் தாளைக்கூட விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பிளக்கு தடிச்சது சார், துளைக்குள்ள போவாது. பிளக்க வெட்டி எறிஞ்சிட்டு, வயர உள்பக்கம் நேரா சேத்துப் பத்தவச்சிருவேன்."

"வெட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"கம்பெனிக்காரன் ஆயிரம் போடுவான். என்ன போட்டிருக்கான், தமிழ்ல சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். சென்சாருக்குச் சென்சார் அளவில் கொஞ்சம் வித்தியாசம் இருக்குமாம். அதைச் சரிக்கட்ட ஒரு ரெசிஸ்டரை அளந்து அதனதன் பிளக்குக்குள்ளேயே வைக்கிறார்களாம். பிளக் போனால் அதுவும் போச்சு.

அவர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் எண்ணினார். "அஞ்சு வயரு உள்ள போவுது. வெளிய ஆறு பின்னு." மறுபடி எண்ணினார். "ஒண்ணு சும்மா கெடக்குன்னுல்லா நெனச்சேன்..."

"அது இல்லேன்னா சென்சார் பொய் சொல்லும். பெட்ரோல் அதிகமா இருக்கிற மாதிரி காட்டும். அதை நம்பி டியூன் பண்றவர் குறைப்பார்."

"குறைச்சா சூடு ஏறும். ஏறினா பிஸ்டன்..." அவர் டூல் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

"ஏசுவே. விஜயன்!"

லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பையன் விஜயன். போன வருடம், இவர் சென்சார் மாட்டிய அவன் காரில் பிஸ்டன் உருகிவிட்டது. "நீ ஓட்டின ஓட்டுக்கு இரும்பு என்னல செய்யும்?" என்று நாலு பேர் முன்னால் ஏசியது இவர்தான். அவனும் தலையைத் தொங்கப்போட்டு, "ஸாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனானாம். புது பிஸ்டன் போட்டதும் புது சென்சாரையும் இவரே மாட்டினார். அதே போல வெட்டி.

"இன்னைக்கு அவன் ஜெய்ப்பூர் போறான் சார். காலையில கடையில நின்னு சொல்லிட்டுத்தான் போனான்."

கிரீஸ் கையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ விஜயா, எங்க இருக்க?"

"ஹைவேல ஆன்ட்டி. கார் மக்கன் மாதிரி வழுக்கிட்டுப் போகுது!"

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு. ஓரமா நிறுத்து."

"க்யா ஹுவா, என்னாச்சு?"

"நிறுத்துலே!"

இண்டிகேட்டர் டிக்டிக் என்றது. பிறகு லாரிகள் கடக்கும் இரைச்சல். கம்பெனியிலிருந்தே சென்சார் சரியில்லாமல் வந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம், நானும் தலையாட்டியிருப்பேன்.

"போன தடவ பிஸ்டன உருக்குனது நீ இல்ல தம்பி. நாந்தான். வெட்டக் கூடாதத வெட்டிட்டேன். இப்பவும் அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

அவன் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி... ஒரு வருஷமா அப்பா எனக்கு சாவியே தரல. இன்னிக்கும் நான் வேகமா போறேனான்னு பாக்கத்தான் கூட வந்திருக்கார். நீங்களே அவர்ட்ட சொல்லுங்க."

மரியபுஷ்பம் எழுந்து நின்றார். "சார், தப்பு ஒங்க மவன் மேல இல்ல. எம் மேல."

தொண்டையைச் செருமும் சத்தம். மத்திய அமைச்சகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ரிட்டையரானவர் விஜயனின் அப்பா லட்சுமணன். "இதை எழுத்துல தருவீங்களாம்மா?"

"அப்பா!" என்றான் விஜயன்.

"தாரேன் சார். கையெழுத்தும் போட்டுத் தாரேன். இப்ப மிதிக்காம, மெதுவா வண்டியத் திருப்பிக் கொண்டாங்க."

பேசி முடித்தும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"இந்த மாதிரி இன்னும் எட்டு காரு சார்," என்று சொல்லி அடுத்த நம்பரைத் தேட ஆரம்பித்தார்.