பையில் இருந்த ஹார்ட் டிரைவுகள்

புது ஹார்ட் டிரைவை உறையிலிருந்து எடுக்கும்போது ஒரு வாசம் வரும். பிளாஸ்டிக்கும் இரும்பும் கலந்த மாதிரி... அந்த வாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது.

யுத்தத்தின் கடைசிக் காலம். இரத்தினபுரி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். நிவித்திகல பக்கத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். முதலாளி தமிழர். கூட வேலை செய்தவன் நிஷாந்த, சிங்களப் பையன், என் வயதுதான்.

ஒரு தோட்டக் கம்பெனி தன் ஆபீஸ்களுக்கெல்லாம் லேப்டாப் வாங்கியிருந்தது. ஒரே நேரத்தில் வாங்கியவை... வரிசையாக டிரைவ் பழுதாகத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் புது டிரைவ் போட்டுத் தரும் வேலை எங்கள் கடைக்கு வந்தது.

ஒரு லேப்டாப்பில் விண்டோஸ், தொழிலாளர் பேர்ப்பதிவும் சம்பளமுமான செக்ரோல் போடும் மென்பொருள், பிரிண்டர் எல்லாவற்றையும் நான் சரியாக ஏற்றினேன். திரையில் கம்பெனியின் சின்னம் வரும்படி செய்தேன். பிறகு அதை அப்படியே ஒரு இமேஜாக, முழு நகலாக எடுத்து, ஒவ்வொரு புது டிரைவிலும் பதித்தோம். தோட்டத்துக்குப் போய் பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினால் போதும். லேப்டாப் உடனே வேலை செய்யும்.

தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டங்களுக்கு நான் போவதாக ஏற்பாடு. டிரைவுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவிசாவளைக்குக் கொஞ்சம் முன்னால் செக் பாயின்ட். எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் தமிழ்ப் பெயரைப் படித்ததும் பொலிஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே வெள்ளி நிற உறைகள், வரிசையாக.

"மொனவத மே?" என்றார். என்ன இது என்று.

நான் சிங்களத்திலேயே விளக்கினேன். இரத்தினபுரிப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு அது சரளமாக வரும் மொழிதானே. அதுவே வினையாகிவிட்டது. இவ்வளவு நல்லா சிங்களம் பேசுறியே, எங்கே பழகினாய், யார் பழக்கினார்கள் என்று கேட்கத் தொடங்கினார்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. ஜன்னலோரம் இருந்த யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் வைத்து, கடை நம்பரைக் கேட்டு, என் எதிரிலேயே போன் செய்தார்கள். பேசி முடித்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

"உன் முதலாளி சொல்றார், நீ அங்கே வேலை செய்ற ஆள் இல்லையாம். சும்மா வந்து போற ஆளாம்."

என் கையால் பதித்த டிரைவுகள் மேசை மேல் கிடந்தன.

அன்றிரவு உள்ளேதான். அடி விழவில்லை. ஆனால் பக்கத்து அறையில் விழும் சத்தம் கேட்டது... அதைப் பற்றி இன்னமும் எழுத வரவில்லை.

மறுநாள் நிஷாந்த வந்தான். போன் வந்தபோது அவன் கடையில்தான் இருந்திருக்கிறான். முதலாளியிடம் சொல்லாமல் ஒரு லேப்டாப்பையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அதிகாரியின் முன்னால் ஒரு டிரைவை மாட்டி ஓட விட்டான். தோட்டக் கம்பெனியின் சின்னம் திரையில் வந்தது.

அதிகாரி சிரித்தார். சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கம்பெனியைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகு, அதற்கடுத்த நாள்தான் விட்டார்கள்.

அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து பெக்டரியில் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் செஞ்சிடலையே தம்பி?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை.

பையோடு கடைக்குப் போனேன். முதலாளி எழுந்து வந்து பையைத்தான் முதலில் வாங்கினார்.

"டிரைவ்ல அடி கிடி படலையே?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாளைக்கு நீ வீட்லயே இரு. கம்பெனிக்காரங்க யோசிக்கிறாங்க. நான் கூப்பிடுறேன்" என்றார்.

கூப்பிடவேயில்லை.

அவரும் பயந்திருப்பார். தமிழன் கடை, அந்தக் காலம். பயத்தை என்னால் மன்னிக்க முடிகிறது. பையை வாங்கிக்கொண்டு கேட்ட அந்த முதல் கேள்வியைத்தான் முடியவில்லை.

மிச்ச வேலையை நிஷாந்த போய் முடித்தான். "மச்சங், ஒன்றுகூடப் பழுதில்லை. மாட்டினவுடன் எல்லாம் ஓடியது" என்று சிங்களத்தில் போன் செய்து சொன்னான். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பான். நான் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதேன்.

இப்போது கொழும்பில் வேலை. ஒரு தளத்து லேப்டாப்கள் அத்தனைக்கும் நெட்வொர்க் வழியாகவே இமேஜ் போய்விடுகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். யாரும் எதையும் பையில் சுமக்க வேண்டியதில்லை. டவுன்லோட் மெதுவாக இருக்கிறது என்று என் டீமில் உள்ள பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும். நல்ல காலத்தில் பிறந்தவர்கள்.

போன மாதம் இரத்தினபுரியில் ஒரு கல்யாணம். முதலாளி வந்திருந்தார், தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் தோளில் கை போட்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்:

"இவரு யாரு தெரியுமா? நம்ம கடைல வேலை பழகுன பையன்!"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கையைத் தோளிலிருந்து எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை.