ரெய்னோவின் நிலவறை

ரெய்னோ ஹாக்கலாவுக்கு மெழுகுக் குண்டைப் பழக்கிவிட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

இரும்புச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் நாங்கள் இருவரும் ஒரே ஷிஃப்ட். அவன் மின்சாரப் பிரிவு, நான் கன்வேயர் பெல்ட். ஏணியை மூன்று முறை உலுக்கிப் பார்க்காமல் அதில் கால் வைக்க மாட்டான். அவன் பூட்டிய ஸ்விட்சை அவனே வந்துதான் திறக்க வேண்டும். அந்த நிதானம் கைத்துப்பாக்கியிலும் இருந்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு சுடப் பழகினான். ஆறே வருடத்தில் எங்கள் மாவட்டத் துப்பாக்கி சுடும் லீக்கில் அவனுக்கு முன்னால் நிற்க ஆளில்லை.

ஓய்வுபெற்ற வருடம் அவனுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். நவம்பரில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சுடும் மைதானம் முப்பது மைல். காரில் உட்காரவே முடியாதவன் எங்கே போவான்? ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏதாவது ஒரு மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருப்பான். அவன் மனைவி ஐலீன் நூலகத்தில் வேலை பார்த்தவள், அதிகம் பேசமாட்டாள். அவளே எனக்கு போன் செய்து, இந்த மனுஷனுக்கு ஏதாவது வழி பண்ணு என்றாள்.

நான் மெழுகைக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் பழைய பழக்கம் அது. தோட்டாவில் மருந்து கிடையாது, ஈயம் கிடையாது. அடியில் பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கிக் கேப் போல ஒரு சின்ன வெடிமூடி மட்டும். அந்தக் கேப் வெடிக்கிற வேகத்தில் மெழுகுத் துண்டு போய் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். சத்தமும் கை தட்டுகிற அளவுதான்.

ஐலீன் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். நிஜத் தோட்டா ஒன்று தவறிக் கலந்துவிட்டால்? ரெய்னோ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த நிஜத் தோட்டாக்களை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தான். "சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும், கிளேட்டன். நான் கேட்டாலும் குடுக்காத" என்றான். நாங்கள் எல்லோரும் நிம்மதியானோம்.

நிலவறையில் துணி உலர்த்துகிற இயந்திரத்துக்கும் கணப்பு உலைக்கும் நடுவில் ஒரு கம்பளத்தைத் தொங்கவிட்டு அதில் அட்டையை மாட்டினான். காலையில் அறுபது, சாயங்காலம் அறுபது. ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தால் மெழுகுத் துகளைப் பெருக்கி அள்ளுவான். நானும் பல நாள் கூட நின்று சுட்டேன். மேலே கூடத்துக் காற்றுத் துளைகள் வழியாக உலையின் சூடு ஊதும்போது லேசாக ஒரு வெடிவாசம் வரும். வீட்டில் தீக்குச்சி உரசின மாதிரி. அது நல்ல வாசமாகத்தான் எங்களுக்குப் பட்டது.

ஜனவரியில் மகள் மார்லிஸ் கணவனைப் பிரிந்து வீட்டுக்கு வந்தாள். கூடவே பத்து மாதக் குழந்தை ஜூனி. குழந்தை வந்த பிறகு ரெய்னோவின் முகமே மாறிப்போனது. சுட்டு முடித்து மேலே வந்ததும் அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். அவள் அவனுடைய சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்குவாள்.

பிப்ரவரியில் அவனுக்கு ஓயாத தலைவலி. வாயில் காசைப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது என்றான். ஒருநாள் ஐலீன் காபியைக் கொஞ்சம் சிந்தியதற்குக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வயசாயிடுச்சு, வலி மாத்திரை, நீளமான பனிக்காலம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். குழந்தையும் சரியாகச் சாப்பிடவில்லை. "மம்மா", "பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை. பல் முளைக்கிறது என்றாள் ஐலீன்.

மார்ச்சில் ஒரு வயதுப் பரிசோதனை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான். மறுநாளே மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். ரத்தத்தில் ஈயம். மூன்றரைக்கு மேல் போகக்கூடாது, குழந்தைக்குப் பத்தொன்பது.

பழைய வீடு, பழைய பெயின்ட் என்று நினைத்தார்கள். ரெய்னோ இடுப்பு வலியோடு மண்டியிட்டு ஜன்னல் சட்டங்களைச் சுரண்டிப் பையில் கட்டினான். ஆத்திரம் தீரவில்லை, நாள் தவறாமல் கீழே போய்ச் சுட்டான். இரண்டாவது பரிசோதனையில் இருபத்துமூன்று.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வுக் கருவியோடு வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். ஜன்னலில் சொல்லும்படி ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரிலும் இல்லை. கூடத்துக் காற்றுத் துளையைத் துடைத்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"கீழ என்ன வேலை நடக்குது, சார்?"

ரெய்னோ கொஞ்சம் பெருமையாகவே கூட்டிப்போனான். "ஈயமே கிடையாதும்மா, பாருங்க. வெறும் மெழுகு" என்று ஒரு துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் மெழுகைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த கேப் டப்பாவைத் திருப்பி அதில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். "குண்டுல இல்ல சார். இதுல இருக்கு. ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் புகையா வருது. மூடின ரூம், பக்கத்துலயே உலை. அது வீடு முழுக்க ஊதியிருக்கு."

மேலே குழந்தை தவழும் சத்தம் கேட்டது. இயந்திரத்துக்குள் அன்று காலையில் காயப்போட்ட அவளுடைய சின்னத் துணிகள் கிடந்தன. ரெய்னோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு மணி நேரத்தில் மார்லிஸ் கிளம்பிவிட்டாள். துணி, பொம்மை எதையும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டாமென்று சுகாதாரத் துறைப் பெண் சொல்லிவிட்டாள். ரெய்னோ குழந்தையைத் தொடக் கை நீட்டினான். "கிட்ட வராதீங்கப்பா," என்றாள் மார்லிஸ். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் ரத்தத்தில் நாற்பத்தொன்று இருந்தது. ஐலீனுக்குப் பன்னிரண்டு. எனக்கு ஒன்பது. முகமூடி போட்ட ஆட்கள் வந்து கம்பளங்களையும் உலைக் குழாய்களையும் கழற்றிப் போனார்கள். துப்பாக்கிகளை அவன் லீக்குக்கே கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், என்னைத் திட்டேன்டா என்று. "நீ மெழுகைக் குடுத்த. அவளைத் தூக்கினது நான்," என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை.

குழந்தையின் எண் மெல்ல இறங்கியது. ஒன்றரை வருடத்தில் நான்குக்கு வந்தது. ரத்தத்திலிருந்து இறங்கியதெல்லாம் வெளியே போய்விட்டதாக அர்த்தமில்லை, எலும்பிலும் போய்த் தங்கியிருக்கும், மூளைக்கு என்ன ஆயிற்று என்பது பள்ளிக்குப் போகும்போதுதான் தெரியும் என்றார் டாக்டர்.

இப்போது ஜூனிக்கு நாலு வயது. மாதத்துக்கு ஒருமுறை மார்லிஸ் அவளை நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்துக்குக் கூட்டி வருகிறாள். அந்த வீட்டுக்கு வருவதில்லை. போன மாதம் நானும் போயிருந்தேன். அப்பத்தின் மேல் ஊற்ற வேண்டுமென்று பாகுப் புட்டியைக் காட்டினாள் ஜூனி. அதன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். நாலு வயதில் எந்தக் குழந்தைக்கும் சொல் மறந்துபோகும். என் பேரனுக்கும் மறக்கும்.

ரெய்னோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் உதட்டையே பார்த்தான். ஐலீன் மேசைக்கடியில் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் நான்கு பெரியவர்களும் சாப்பிடாமல், அவள் அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதற்காகக் காத்திருந்தோம்.