லேஞ்சி போட்ட வாங்கு

இது நடந்தது. நம்பாதவர்கள் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற கறன்ட் கம்பங்களைப் பார்க்கலாம். ரிஷாத்தின் படம் இன்னும் அங்கே ஒட்டியிருக்கிறது. மழை வந்தால் கிழிந்துவிடும். இன்னும் மழை வரவில்லை.

பாலையூற்றில் சுஹைரா என்றொரு பெண். படிப்பைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு இன்னொரு வாய் இருந்தது. அது யாரையும் விட்டுவைக்காது.

அவளை மருமகளாகக் கேட்டவள் மைமூனா. மகன் ரிஷாத்துக்குத் துறைமுகத்தில் பெரிய வேலையாம். என்ன வேலை என்று கேட்டால், மறுபடியும் "பெரிய வேலை" என்பாள். சீதனமாக வரப்போகிற வீட்டை அவள் இரண்டு தடவை வந்து பார்த்தாள். காணியின் நாலு எல்லையையும் நடந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். அந்த இரண்டு தடவையும் உம்மா சுஹைராவை அறைக்குள் இருத்திவிட்டாள். பெண்ணைப் பார்க்க மட்டும் மைமூனா வீட்டுக்கு வரமாட்டாளாம். வந்தால் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாம்.

"பார்க்குக்குக் கூட்டி வாங்க. சும்மா வழியில கண்ட மாதிரி இருக்கும்" என்றாள்.

மீன் வாங்குகிறவள்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சந்தைவரை போவாள் என்று சுஹைராவின் உள்வாய் சொன்னது. உம்மாவிடம் அவளால் மறுக்க முடியவில்லை. மைமூனாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று ஒரு வசனம் தயாராக வைத்திருந்தாள். 'எனக்கு விருப்பமில்லை, மாமி.' கிணற்றடியில் நின்று அதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை, பின்னேரம் ஐந்தரை. உம்மாவின் தங்கை சனூஸா சாச்சிதான் கூட்டிப்போனாள். வெளியே ஒரே இரைச்சல். கிண்ணியா பஸ்ஸின் கோன் சத்தம், லொத்தர் சீட்டு விற்கிற ஒலிபெருக்கி, துறைமுகத்திலிருந்து வருகிற லொறிகள். பார்க் கேற்றைத் தாண்டினார்கள். சத்தம் நின்றது.

குறையவில்லை. நின்றது. யாரோ ரேடியோவை மூடியது போல.

வேப்பமரத்துக்குக் கீழே, வருகிறவர்கள் உட்கார ஒரு நீளமான சீமெந்து வாங்கு. அதன் நடுவில், முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்று. வெள்ளை, நீலக்கரை. நாலாக மடித்து வைத்திருந்தது. நனைந்திருந்தது. வாங்கைச் சுற்றி நிலம் காய்ந்து புழுதியாகக் கிடந்தது.

சுஹைரா அதில் உட்காரவில்லை. கிண்ணியா பஸ்ஸில் போய்வந்து பழகியவள் அவள். ஜன்னலால் கைவிட்டு ஆசனத்தில் லேஞ்சியைப் போட்டால் அந்த இடம் போட்டவருக்குத்தான். பஸ் முழுக்க நெரிந்தாலும் அதில் யாரும் உட்காருவதில்லை. ஆள் வரும்.

மைமூனா வந்தாள். பின்னால் ரிஷாத், கோடு போட்ட லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இதென்ன, பஸ்ஸா?" மைமூனா இரண்டு விரலால் அந்த ஈர லேஞ்சியைத் தூக்கிப் புழுதியில் எறிந்தாள்.

"ராத்தா, ஆரோ இடம் பிடிச்சிருக்காங்க போல..." என்றாள் சாச்சி.

"பிடிச்சவங்க வந்து கேக்கட்டும். நீங்க போய்க் குடிக்கக் குளிரா ஏதும் வாங்கி வாங்க."

சாச்சி போனாள். வாங்கின் ஒரு நுனியில் தாய், மறுநுனியில் மகன். மைமூனா கைத்தொலைபேசியை நோண்டியபடி நடுவே தட்டினாள்.

"வா புள்ள, இதில இரி."

சுஹைரா அசையவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"ஆ... அப்படி" என்றாள் மைமூனா. சந்தோசமாக. நடுவைப் பார்த்து.

சமைக்கத் தெரியுமா, ஓதத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றையும் அந்த வெற்றிடத்திடமே கேட்டாள். சுஹைரா பதிலுக்கு வாய் திறப்பதற்குள் தலையாட்டி முடித்துவிட்டாள். ரிஷாத்தும் அங்கேதான் பார்த்தான், பல்லைக் காட்டிக்கொண்டு.

பெருமை பிடித்ததுகள் என்று நினைத்தாள் சுஹைரா. பெண் பார்க்க வந்து பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுகூட இதுகளுக்குக் குறைச்சல். பார்க்காதே. உன் மகனின் மூஞ்சியை நானும் பார்க்கவில்லை.

அப்போது ஒரு மான் வந்தது. ஊருக்குள் திரிகிற புள்ளிமான்தான். நேரே வாங்குக்கு வந்தது. தாயிடமும் போகவில்லை, மகனிடமும் போகவில்லை. நடுவே கழுத்தை நீட்டியது. நாக்கை நீட்டி எதையோ வாங்கியது.

மென்றது.

அங்கே எதுவும் இல்லை...

சுஹைரா அப்போதுதான் வாங்கைச் சரியாகப் பார்த்தாள். தாயும் மகனும் வாங்கின் இரு நுனிகளிலும் ஒடுங்கி, விழுந்துவிடுவதுபோல் இருந்தார்கள். நடுவே ஓர் ஆள் அளவு இடம். ஒரே ஓர் ஆள்.

"எனக்கு விருப்பமில்லை, மாமி."

சொல்லிவிட்டாள். சத்தமாகவே சொன்னாள்.

யாரும் திரும்பவில்லை.

மைமூனா நடுவைப் பார்த்துச் சிரித்தாள். "வெக்கத்தப் பாரு!"

கைப்பையிலிருந்து ஒரு மோதிரம் எடுத்தாள். வெற்றிடத்தில் நீட்டினாள். மெல்லத் தள்ளினாள்.

கை திரும்பி வந்தது.

வெறுங்கை.

வெளிச்சம் மங்கி மஃரிபு நேரமானது. தாயும் மகனும் எழுந்தார்கள். மைமூனாவின் அபாயா, நடுவை ஒட்டியிருந்த பக்கம், தோளிலிருந்து முழங்கால்வரை நனைந்து சொட்டியது.

"சீ, என்ன வேர்வை" என்றாள்.

கேற்றடியில் சோடாப் போத்தல்களோடு வந்த சாச்சியையும் அவள் பார்க்கவில்லை. சுஹைரா நிலத்தைப் பார்த்தாள். எறிந்த லேஞ்சி அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் உம்மாவுக்குத் தொலைபேசி வந்தது.

"உங்கட புள்ள தங்கம்! என்ட தோளில சாய்ஞ்சு இருந்து எவ்வளவு நல்லாக் கதைச்சா. கைதான் ஐஸ் மாதிரி. மோதிரம் அளவா இருந்திச்சு."

உம்மா ஓடிவந்து சுஹைராவின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க மோதிரம்? எங்கடி துலைச்ச?"

நடந்ததைச் சுஹைரா சொன்னாள். உம்மா நம்பவில்லை.

காலையில் மோதிரம் தேட சாச்சி அவளை மறுபடியும் பார்க்குக்கு இழுத்துப்போனாள். கேற்றைத் தாண்டினார்கள். சத்தம் நின்றது.

வாங்கின் நடுவில் அதே லேஞ்சி இருந்தது. வெள்ளை, நீலக்கரை. நனைந்திருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

கோடு போட்டது. நாலாக மடித்து... அதுவும் நனைந்திருந்தது.

சாச்சி அவள் கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. மைமூனா. முக்காடு தோளில் கிடந்தது.

"எங்க என்ட மகன்? விடியக்காலம் சுபஹு நேரம் உங்கட மகள் வாசலில வந்து நிண்டு கூப்பிட்டா. கையப் பிடிச்சுக் கூட்டிப்போனத என்ட கண்ணால பாத்தன். போன் எடுக்கிறான் இல்ல. எங்க ரெண்டு பேரும்?"

"என்ட மகளா?" உம்மாவுக்குக் கோபம் வந்தது. "அவ என்னோடதானே படுத்திருந்தா! சுஹைரா, இங்கால வா!"

சுஹைரா வாசலுக்கு வந்தாள்.

மைமூனா நிமிர்ந்தாள். வீட்டை இரண்டு தடவை பார்த்தவள், கிணற்றை எட்டிப் பார்த்தவள், அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

நேரமெடுத்துப் பார்த்தாள்.

"இது... ஆர்?" என்றாள்.