சுவருக்கு அந்தப் பக்கம் ஜாபர்

போன ஞாயிற்றுக்கிழமை சிவாண்ணனிடமிருந்து போனில் ஒரு குரல்செய்தி வந்தது. சிவாண்ணன் என் பெரியப்பா மகன். இப்போது கோயமுத்தூரில் வீடு கட்டி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் அந்தக் காலத்தில் ஆடிய பழைய கேமை எங்கிருந்தோ தேடிப் பிடித்து இறக்கிவிட்டாராம். இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ள மாட்டேன் என்கின்றனவாம்.

"சுகந்தியக் கேட்டுச் சொல்றா தம்பி. அன்னிக்கு அவதானே எல்லாம் சரி பண்ணுனா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவருக்கு நிஜமாகவே மறந்துபோய்விட்டது. "தெரியலீங்ணா" என்று பதில் போட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை.

அந்தக் கேம் என்றதும் எனக்கு முதலில் மூக்கில் வருவது சூடான தூசி வாசம். பழைய டப்பா மானிட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ஒரு வாசம் வருமே, அது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் எருத்தேன்பதிக் காட்டுப் புழுதிக்கு அந்த மானிட்டர் எந்த விதத்திலும் தயாராக இல்லை. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் ஓரத்தில் சுருக்கம் வைத்து உறை தைத்திருந்தார். நான் கம்ப்யூட்டரைப் போடுவதென்றால் குழந்தைக்குச் சட்டை கழற்றுவது மாதிரி அதைக் கழற்ற வேண்டும்.

கம்ப்யூட்டர் அக்காவுடையது. சுகந்தி அக்கா கோயமுத்தூரில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். தினமும் வேலந்தாவளம் போய் அங்கிருந்து பஸ். நான் அப்போது பிளஸ் டூ. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்து, வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். பூசாத செங்கல் சுவர். போர்வெல் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை அது. வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்து யார் எல்லை எதுவரை என்று அதிர்த்தி அளந்த பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் பெரியப்பா வானொலிச் செய்தி கேட்டால் இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்கும். அப்பா உடனே எழுந்து தோப்புக்குப் போய்விடுவார். செய்தியின்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குள் அவ்வளவு பகை இல்லை. சிவாண்ணனும் அக்காவும் ஒரே வயது. அவரிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டையும் இணைத்தால் சேர்ந்து ஆடலாம் என்று அவர்தான் அக்காவிடம் ஜாடையாகச் சொன்னார். அக்கா கல்லூரியிலிருந்து ஒயரும் அதன் முனையை நெரிக்கும் இடுக்கியும் கொண்டுவந்தாள். ஒரு முனையில் உள்ள நிற வரிசையை மறுமுனையில் மாற்றிக் கோர்க்க வேண்டுமாம். "இவன் பேசறது அவன் காதுக்குப் போகோணும், அவன் பேசறது இவன் காதுக்கு வரோணும். ரெண்டு பேரும் வாய்க்கு வாய் வெச்சுட்டா எப்படிக் கேக்கும்?" என்று எனக்கு விளக்கினாள். பரண் வழியாகச் சுவரின் தலைக்கு மேலே ஒயர் போனது. பெரியப்பா கேட்டதற்கு டிவி ஒயர் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒயர் போட்டதும் ஆடிவிடலாம் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கேம் அப்போதே பழசு. எங்கள் கம்ப்யூட்டர்கள் பேசும் பாஷை அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த செத்துப்போன ஏதோ ஒரு பாஷையை அக்கா எங்கோ தேடி இரண்டிலும் ஏற்றினாள். வெளியாளை உள்ளே விடாமல் காவல் நிற்கும் ஒன்றை நிறுத்திவைத்தாள். ஒரே எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி இரண்டுக்கும் விலாசம் கொடுத்தாள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் திரையில் 'சிவா' என்று ஒரு பெயர் தோன்றியது. அக்கா கை தட்டவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அந்தப் பெயரைப் பார்த்தாள்.

ஊர் கட்டி, மரம் வெட்டி, தங்கம் தோண்டி, படை திரட்டிச் சண்டை போடும் கேம் அது. நான் ஆடினால் வயல் மட்டும்தான் போடுவேன். என் ஊரை எல்லோரும் வந்து நிதானமாக எரித்துவிட்டுப் போவார்கள். அக்கா அப்படி இல்லை. சிவாண்ணனுடைய கோட்டை அவளிடம் ஒரு நாளும் நின்றதில்லை.

தோற்றுத் தோற்றுச் சலித்த சிவாண்ணன் தன் கூட்டாளியைக் கூட்டிவந்தார். பெயர் ஜாபர். கொழிஞ்சாம்பாறையில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. அவன் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுவான். எங்கள் திரையின் அடியில் அவன் தட்டும் வார்த்தைகள் வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான். அக்காவை 'நீங்க' என்றுதான் எழுதுவான். அக்காவுக்குத் தங்கம் குறைந்தால் கேட்காமலே அவனிடமிருந்து கொஞ்சம் வந்து சேரும். அந்தக் கேமில் அப்படி அனுப்ப வழி இருந்தது. அக்கா அடுத்த ஆட்டத்தில் மரம் அனுப்புவாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் கம்ப்யூட்டரே நடத்தும் எதிரிக்கு ஊரே மிஞ்சாது. ஆட இடம் கிடைக்காத சிவாண்ணனைப் பார்த்து அந்தப் பக்கம் ஜாபர் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். அக்கா அந்தச் சிரிப்புக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருப்பாள். நேரில் அவர்கள் பஸ் ஸ்டாப்பில் ஓரிரு தடவை பார்த்துக்கொண்டிருக்கலாம். பேசியதாக எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். நான் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் 'ஜாபர்' என்று வந்தது. அக்கா துப்பட்டாவால் மானிட்டரைத் துடைத்தாள்.

இன்னிக்குச் சண்டை வேண்டாம், சும்மா பேசலாம் என்று வந்தது. அக்கா சரி என்றாள். உனக்கு என்னைப் பிடிக்குமா என்று வந்தது. அக்கா விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, என்ன இன்னிக்கு நீ, வா, போ என்று தட்டினாள். சொல்லக் கூடாதா என்று வந்தது. சொல்லு என்று தட்டினாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. நான் எழுந்து போயிருக்க வேண்டிய இடம். போகச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவே என்று அடுத்து வந்தது. அதற்கு அக்கா யோசிக்கவே இல்லை. படித்து முடித்து வேலை கிடைத்ததும் சொல்லுவேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்துவிடுவேன், அப்பாவுக்குப் பயந்தே இருக்க முடியுமா என்று வேகமாகத் தட்டி அனுப்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

அது அப்பாவின் இருமல். சுவர் எழும்பியதிலிருந்து அந்தப் பக்கம் காலே வைக்காதவர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. திரையில் கடைசியாக ஒரு வரி வந்தது. சித்தப்பா எல்லாத்தையும் படிச்சுட்டார்.

நடந்ததைப் பிற்பாடு பெரியம்மா சொன்னார். ஜாபர் அன்றைக்கு வரவே இல்லையாம், கடையில் இருந்திருக்கிறான். பெயர் போடும் இடத்தில் அவன் பெயரைப் போட்டுவிட்டு சிவாண்ணன்தான் தட்டியிருக்கிறார். பெரியப்பா ஆளனுப்பி அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். உன் மகள் லட்சணத்தை வந்து பார் என்று. அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட வராது. சிவாண்ணன் ஒவ்வொரு வரியாக அவர் காதோடு படித்துக் காட்டியிருக்கிறார். பெரியப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டாராம். அப்பா உட்காரவில்லையாம்.

அப்பா வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அக்காவை அடிக்கவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தார். பரணிலிருந்து புழுதி எங்கள் மேல் கொட்டியது.

"அது ஜாபர் இல்லீங்கப்பா. சிவா," என்றாள் அக்கா. ஏமாற்றியது யார் என்று தெரிந்தால் அப்பா அவளுக்காகச் சண்டைக்குப் போவார் என்று நம்பியிருப்பாள் போல.

அப்பா ஒயரைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அங்கிருந்து எழுதுனது ஆரா இருந்தா என்ன, கண்ணு. இங்கிருந்து எழுதுனது நீதானே?"

மறுநாளிலிருந்து அவள் காலேஜ் போகவில்லை. பெரியப்பா ஜவுளிக்கடைக்குப் போய் ஆட்கள் முன்னால் கத்தியிருக்கிறார். ஜாபரின் அப்பா துணி அளக்கும் கம்பியாலேயே அவனை அடித்தாராம். அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவன் எழுதவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தான். "உங்கக்கா எம்மேல கோவமா இருக்காங்களா?" என்று கேட்டான். அவனுக்கு நடந்தது முழுக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

தாராபுரத்துப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த வீட்டு மாப்பிள்ளையைப் பெரியப்பாதான் பார்த்துக் கொண்டுவந்தார். குடும்ப மானம் என்று வந்ததும் அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் பத்திரிகை வைக்கப் போனார்கள். பந்தி போட இடம் போதாது என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் நடுக்கூடத்துச் சுவரை இடித்தார்கள். சிவாண்ணன் பனியனோடு நின்று செங்கல்லை அள்ளிக் கொடுத்தார். அக்கா உள்ளறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் குடும்பம் ஒன்று சேர்ந்ததே என்று சந்தோஷப்பட்டார்கள். அவளிடமும் அதைச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டரை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். ஜாபர் வளைகுடாவுக்குப் போனதாகக் கேள்வி. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. தோப்பில் பாதியை விற்றாயிற்று, வீட்டில் வாடகைக்கு ஆட்கள். அப்பா, பெரியப்பா இரண்டு பேரும் இல்லை. கடைசிவரை சேர்ந்து உட்கார்ந்து செய்தி கேட்டார்கள்.

ஆறேழு மாதத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்கு ஏதோ ஆன்லைன் பரீட்சை. நெட் வரவில்லை. அந்தப் பெண் அழாத குறையாக ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியில் ஈரக் கையோடு நின்று பார்த்தாள். அவள் பார்வை ஒயர் போகும் வழியெல்லாம் போய், நெட் பெட்டியின் விளக்குகளில் ஒரு நொடி நின்றது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"இரு கண்ணு, அப்பா மில்லுல இருந்து வரட்டும்," என்றாள். "நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.