இடிக்கக் கூடாத மணிகள்

பெருங்குடலில் புண் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு, சாவைவிடப் பஸ்ஸுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அடிவாரம் தாண்டிக் கொல்லிமலை ஏறும் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். எந்த வளைவில் வயிறு முறுக்கும் என்று தெரியாது. குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற வாத்தியார், நடுக்காட்டில் வண்டியை நிறுத்துங்கள் என்று கண்டக்டரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கம்பியை இறுகப் பிடித்து, வேர்த்து வழிய, குலசாமியைக் கூப்பிட்டபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம். முதலில் கொடுத்த மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இப்போது வந்திருக்கும் புது மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம், அப்புறம் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பையை மாட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பை என்னை விடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் பாவம், அதுகள் பாட்டுக்கு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்தப் புது மருந்து சின்னச் சின்னப் பொட்டலமாக இருந்தது. பிரித்தால் உள்ளே மணி மணியாக வெள்ளைக் குருணை. மெல்லாமல் அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் சொன்னபடியே விழுங்கினேன். ரத்தம் கொஞ்சம் குறைந்தாற்போலும் இருந்தது. ஆனால் ரத்தம் போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிற பழக்கம் எனக்கு வந்திருந்ததே, அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு நாள் குனிந்து பார்த்தால், விழுங்கிய மணிகள் முழுசு முழுசாக வெளியே கிடக்கின்றன.

கடைசி மருந்தும் கரையாமல் வெளியே வந்துவிட்டால் மிச்சம் இருப்பது கத்தி ஒன்றுதானே. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மிளகுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மலையில் சளிக்கும் மிளகு, சுரத்துக்கும் மிளகு, விஷக்கடிக்கும் மிளகு. முழு மிளகை முழுங்கினால் அது முழு மிளகாகவே வெளியே போய்விடும், காரம் உடம்பில் இறங்காது என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். உரலில் நச்சென்று ஒரு இடி இடித்துத் தேனில் குழைத்துத்தான் கொடுப்பார்கள்.

"ஏனுங்க, இதும் மொளகாட்டந்தானுங்க. ஒடைக்காம முழுங்குனா எப்பிடிங்க புடிக்கும்?" என்றாள்.

"மெல்லக் கூடாதுன்னு சொன்னாங்க புள்ள."

"மெல்லக் கூடாதுன்னுதானுங்க சொன்னாங்க. இடிக்கக் கூடாதுன்னு சொல்லலீங்களே!"

பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். பயம் பிடித்தவனுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தால் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுமா? அவள் மணிகளைக் கல்லுரலில் போட்டுப் பொடியாக்கி, மலைத்தேனில் குழைத்து என் நாக்கில் தடவினாள். கசந்தது. கசப்பதைப் பார்த்து இரண்டு பேருக்கும் நிம்மதி, மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது என்று.

அதற்கப்புறம் சாண் ஏறினது முழம் சறுக்கியது. வெளியே மணிகள் வரவில்லை. ரத்தம் வந்தது, முன்னைவிட அதிகமாக. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தேன். பை மாட்டத்தான் போகிறார்கள் என்று தீர்மானமாகிவிட்டது. மறுபடி அதே வளைவுகளில் இறங்கினோம். இந்தத் தடவை பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன், வெட்கமெல்லாம் போய்விட்டிருந்தது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு கோபப்படாமல் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு, அந்த ஒவ்வொரு மணிக்கு மேலயும் பாலிமர்னு மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. எரப்பையில இருக்கற புளிப்புக்கு அது கரையாது. கொடலுக்குப் போனாத்தான் தொறந்து, உள்ள இருக்கற மருந்தக் கொஞ்சங் கொஞ்சமா புண்ணு இருக்கற எடம் வரைக்கும் விடும். நீங்க பாத்தது மருந்து தீந்துபோன வெறுங்கூடு. இடிச்சா மருந்து மேலயே போயிருமே, கீழ புண்ணுக்கு என்ன போகும்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை அல்லவா உரலில் போட்டு இடித்திருக்கிறோம்! ஊர் திரும்பிய பிறகு மனைவிக்குப் பேச்சு குறைந்துவிட்டது. பொட்டலத்தை அவள் தொடவே மாட்டாள். நானே பிரித்து, நானே விழுங்குவேன். வேலை ஓயாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் என் குடலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

சில மாதம் கழித்துக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறி வருகிறது, வெட்ட வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். மனைவி எழவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் இடிச்சுக் குடுத்தனுங்களே, அதால இவுருக்குப் பின்னால ஏதாச்சும் ஆயிருங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது கண்ணு."

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தான்."

வெளியே வந்ததும் வராண்டாத் தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல், ஓவென்று அழுதாள். கட்டினவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று அத்தனை மாதமும் எனக்குப் பக்கத்தில் படுத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் நாள் குறித்துவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பக்கம் போன ஒரு அம்மா குனிந்து என் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.