அறுபது பல் செட்டும் ஒரு பாஸ்போர்ட்டும்

என் மருமகள் பல் செட் செய்கிறவள். டாக்டர் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். அதன்மேல் மெழுகில் ஈறு வைத்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, வாய்க்குப் பொருந்தும்வரை அரத்தால் ராவிக் கொடுப்பது இவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக டாக்டர் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு பொந்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் போன பிறகும் என்னை விட்டுப் போகாதவள். என் வாயில் இருப்பதும் அவள் செய்த பல்தான். அதே பல்லால் அவளைக் கடித்துப் பேசியும் இருக்கிறேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

போன வருடம் இவளுடைய டாக்டரும் வேறு சிலரும் சேர்ந்து, வெளிநாட்டில் ஒரு மலையூருக்கு இலவசமாகப் பல் கட்டப் போவதாக ஏற்பாடு. செட் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றதும் இவள் பேர் கொடுத்துவிட்டாள். ஐம்பது வயதில் முதல் பாஸ்போர்ட்!

"ஏண்டி, பக்கத்துத் தெருவுக்கே வழி கேட்டுக்கிட்டுப் போறவ நீ. அங்க போய் எங்க நிப்ப?"

"நின்ன இடத்துலருந்து போன் பண்றேன் அத்தை. நீங்க வழி சொல்லுங்க."

அங்கே பனி கொட்டுமாம். சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, கொளுத்துகிற வெயிலில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கம்பளி போர்த்திய கோழி என்றேன். கோழி சிரித்தது. அந்த ஊர்ப் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்தாள். 'வாயைத் திறங்க, வலிக்காது' என்று அர்த்தம். மூன்று வேளையும் என் தட்டுக்கு முன்னால் அதே பாடம்தான்.

டாக்டர் ஒருநாள் கூப்பிட்டார். "அங்க இருக்கப்போற பத்து நாள்ல அச்சு, மெழுகுன்னு உக்கார நேரம் ஏது? இப்பவே அறுபது செட் பண்ணிடு. சின்னது, நடுத்தரம், பெருசு. போனதும் மாட்டிவிட்டுடலாம்."

"சார், வாய் என்ன செருப்பா? ஒவ்வொரு ஈறும் ஒவ்வொரு மாதிரி. நிக்காது சார்."

"லீவுக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

அங்கே ஆளுக்கு ஆள் ராவிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு செய்தாள். சின்ன அளவுக்கு என் வாய் அச்சு. "இருபது கிழவிங்க உங்க வாயால சிரிக்கப் போறாங்க அத்தை" என்றாள்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அறுபது டப்பாவையும் ஒப்படைத்தாள். டாக்டர் திறந்து பார்த்து மெச்சினார். "பல்லுதான் ரெடியாயிடுச்சே, நீ எதுக்கு அங்க சும்மா? உன் இடத்துல வீடியோ எடுக்கறவரைப் போட்டாச்சு. செய்யறத நாலு பேரு பாக்க வேணாமா?" என்றார். பயணத்துக்கு அவள் பையில் கட்டி வைத்திருந்த அரங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "நல்லதாப் போச்சு. இல்லேன்னா எனக்கு யாரு சோறு போடுவா?" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது. அவள் ஸ்வெட்டரை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

முகாமின் மூன்றாம் நாள் நான் சோறு எடுத்துக்கொண்டு அந்தப் பொந்துக்குப் போனேன். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் கழண்டு கழண்டு விழுது. எங்க ராவணும்னு பாத்துச் சொல்லு" என்று டாக்டரின் குரல் கேட்டது. பனி தெரிகிறதா என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வாய் தெரிந்தது. அது போனால் இன்னொரு வாய். பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை வாயாகவே வந்தது. சோறு காய்ந்து போயிற்று.

இடையில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "சார், போனைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்களேன்."

"வேடிக்கை பாக்கற நேரமா இது?"

அதற்குப் பிறகு ஒரு கிழவி. உதட்டில் ரத்தம். டாக்டர் எவ்வளவு அதட்டியும் வாயை இறுக மூடிக்கொண்டாள். என் மருமகள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

கிழவி சுற்றுமுற்றும் பார்த்தாள். யார் பேசியது என்று தெரியாமலே வாயைத் திறந்தாள். உள்ளே இருந்தது என் பல்.

"இடது கடைவாய்ல குத்துது. அங்க ராவுங்க" என்றாள் இவள். "அடுத்தவங்களைக் காட்டுங்க சார்."